முப்பத்தைந்து நிமிடமும் ஒரு நாளும்

ஆபியா, சாமோவா
சனிக்கிழமை, 16 ஜூன் 2012

மரியாதைக்குரிய அக்கா தாலிதா அவர்களுக்கு,

தம்பி ஃபெரெதி எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்கள் அனைவரும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். (இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று என் வீட்டுக்காரி லோசா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள்.)

பதினோரு முறை போன் செய்தேன். பதினோரு முறையும் மணி அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். விமானத்தில் மூட்டை ஏற்றுகிற நம் சித்தப்பா மகன் ஆபேலு கையில் கொடுத்தனுப்புகிறேன். பத்து மணிக்குக் கிளம்பினால் முப்பத்தைந்து நிமிடத்தில் பாங்கோ பாங்கோவில் இறங்கிவிடுவான். நான் சனிக்கிழமை எழுதுகிறேன், நீங்கள் வெள்ளிக்கிழமை படிப்பீர்கள். போன டிசம்பரில் எங்கள் அரசாங்கம் நாட்காட்டியிலிருந்து ஒரு முழு வெள்ளிக்கிழமையை உருவிப் போட்டு எங்களை ஒரு நாள் முன்னால் தள்ளிவிட்டது. நீங்கள் அமெரிக்கக் கொடிக்குக் கீழே பழைய இடத்திலேயே இருக்கிறீர்கள். கடிகாரத்தில் மணி ஒன்றுதான், கிழமைதான் வேறு.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் தீரேசாவின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை என்று ஊர் முழுக்கப் பேச்சாம். அக்கா, நான் வந்தேன். நீங்கள் போனில் சொன்ன நாளில்தான் வந்தேன். "ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு" என்றீர்கள். உங்கள் ஞாயிறு எங்களுக்குத் திங்கள். திங்கட்கிழமை காலை முதல் விமானத்தில் நானும் லோசாவும் ஏறினோம். கழுத்தில் பூமாலை, மடியில் கல்யாணச் சீராக நம் அம்மா வழியில் வந்த பன்னிரண்டு நேர்த்திப் பாய்கள். இறங்கி வந்து பார்த்தால் பந்தல் நிற்கிறது, ஆளைக் காணோம். நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள்.

நீங்கள் கோயிலிலிருந்து வந்தீர்கள். பத்துப் பேர் பார்க்க என்ன கேட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? "கல்யாணம் நேத்தே முடிஞ்சு போச்சு. மிச்சம் மீதி தின்ன வந்தியா?" நான் வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. பாய்களைத் திண்டில் வைத்துவிட்டு அடுத்த விமானத்தில் திரும்பினேன். மறுநாளே அந்தப் பாய்களும் ஆபேலு தலையில் ஏறித் திரும்பி வந்துவிட்டன. பாயைத் திருப்பி அனுப்புவது உறவை முறிப்பதற்குச் சமம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாளை மாற்றியது யார், ஏன் எனக்குச் சொல்லவில்லை? இதை மட்டும் கேட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தம்பி ஃபெரெதி

•

பாங்கோ பாங்கோ
வெள்ளிக்கிழமை, 15 ஜூன் 2012

ஃபெரெதி,

உன் கடிதத்துக்கு முந்தின நாள் தேதியில் பதில் எழுதுகிறேன். விமானத்தில் மறுபடி பெட்டிகளை ஏற்றப் போகும்வரை ஆபேலு வாசலில் நிற்கிறான். அதற்குள் எவ்வளவு திட்ட முடியுமோ அவ்வளவு.

முதலில், எப்போதிலிருந்து எனக்கு "நீங்கள்"? உன் மூக்கைச் சிந்தி விட்டவள் நான். கோபமென்றால் கோபமாக எழுது. சபைக்கு எழுதும் மனு மாதிரி எழுதாதே.

இரண்டாவது, நாளை யாரும் மாற்றவில்லை. கல்யாணம் சனிக்கிழமை, ஜூன் இரண்டு. ஈஸ்டர் முடிந்ததிலிருந்து அதே சனிக்கிழமைதான். நான் உன்னிடம் ஞாயிறு என்று சொன்னேன், உண்மை. எதற்காக? என் சனி உனக்கு ஞாயிறு. உன் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்து நீ குழம்பிவிடக் கூடாது என்று உன் நாளைச் சொன்னேன். நம் உறவுக்காரர்கள் எல்லாம் வாரத் தொடக்கத்திலேயே கப்பல் ஏறி வந்து இறங்கி, ஆளுக்கொரு பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீ ஒருவன்தான் "முப்பத்தஞ்சு நிமிஷம்தானக்கா, ஞாயித்துக்கிழமை கோயில்ல பாட்டு இருக்கு, முடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொன்னவன். காலைப் பாட்டு முடித்துவிட்டு மதிய விமானம் ஏறப்போகிறாய் என்று நானும் நம்பித் தொலைத்தேன். கூப்பிடு தூரத்தில் இருப்பவன்தான் கடைசியில் வருவான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்திரிகை எங்கே என்று கேட்பாய். சொந்தத் தம்பிக்கு யாராவது பத்திரிகை அனுப்புவார்களா?

இரண்டு மணிக்குப் பெண்ணைக் காரில் உட்கார வைத்தோம். அப்பா இல்லாத பெண். தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் போவேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று மணி. உன் போனுக்குப் போட்டால், ஞாயிற்றுக்கிழமை என்று அணைத்து வைத்திருக்கிறாய். மூன்றரை. தலையில் வைத்த பூ வாடி, வேறு பூ வைத்தோம். நான்கு மணிக்குப் போதகர் வந்து, "தாலிதா, இனி தாங்காது" என்றார்.

நீ எழுதிய இரண்டு பக்கத்தில் மன்னிப்பு என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஒளித்து வைத்திருந்தால் இடத்தைச் சொல்.

ஆபேலு நேரமாகிவிட்டது என்று கத்துகிறான். அவ்வளவுதான்.

தாலிதா

•

ஆபியா
புதன்கிழமை, 20 ஜூன் 2012

அக்கா,

உன் கடிதத்தைச் சனிக்கிழமையே வாங்கிவிட்டேன். நான்கு நாளாகப் பேருந்து ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். இரண்டு நிறுத்தத்தில் நிற்க மறந்துவிட்டேன். ஒரு கிழவர், "உங்க அக்கா உன்னை மன்னிச்சாலும் நான் மன்னிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

கணக்கு இதுதான். நீ உன் சனியை என் ஞாயிறாக மாற்றிச் சொன்னாய். நான் அதை உன் ஞாயிறு என்று நினைத்து என் திங்களாக மாற்றிக்கொண்டேன். ஒரே மூட்டையை இரண்டு பேர் இரண்டு தடவை தூக்கியிருக்கிறோம். அந்தப் பக்கம் உன் நல்ல மனசு, இந்தப் பக்கம் என் நல்ல மனசு. நடுவில் தீரேசா காரில் உட்கார்ந்திருந்தாள்.

இத்தோடு கடிதத்தை முடித்திருந்தால் நான் பாதி நல்லவனாகத் தப்பித்திருப்பேன். லோசாவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் உன்னிடம் பொய் சொன்னால் எனக்குச் சோறு இறங்காது.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்று கேட்டதும் எனக்கு உறுத்தியது. நம் ஆட்கள் ஞாயிறன்று துணிகூடத் துவைப்பதில்லை. நான் லோசாவிடம் கேட்டேன், "ஓய்வுநாள்ல யாராவது கல்யாணம் வைப்பாங்களா?" அவள், "அங்க எல்லாம் ஞாயித்துக்கிழமையே கடை திறந்திருக்காம். அமெரிக்காக்காரங்க. கல்யாணம் வைக்க மாட்டாங்களா என்ன?" என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அக்கா மாறிவிட்டாள், இனி அவள் அப்படித்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

இதுதான் என் தப்பு. கிழமையைத் தப்பாக எண்ணியது சின்னது.

மன்னித்துவிடு. ஒளித்து வைக்கவில்லை, இதோ தனி வரியில் எழுதியிருக்கிறேன்.

ஃபெரெதி

•

பாங்கோ பாங்கோ
செவ்வாய்க்கிழமை, 26 ஜூன் 2012

ஃபெரெதி,

இந்த ஒரு வாரத்தில் நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

கிழமை தப்பியதற்காக உன்னை மன்னிக்கலாம் என்றுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். படித்து முடித்ததும் முடியவில்லை. பதினெட்டு வருடமாக இந்த மீன் தொழிற்சாலையில் டூனா வெட்டுகிறேன். எத்தனை தடவை ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்று மேற்பார்வையாளர் கூப்பிட்டிருப்பார்? ஒருநாளும் போனதில்லை. போகக் கூடாது என்று இங்கே யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. அப்பா சொல்லிக் கொடுத்தது உனக்கு மட்டுமா? எண்பது மைல் தள்ளி வந்தால் சாமியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன் என்று நினைத்துவிட்டாய்.

நான் ஏன் உன் நாளைச் சொன்னேன் என்று உனக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது. புத்தாண்டு அன்று நீ போன் செய்தாய். நான் இன்னும் டிசம்பர் முப்பத்தொன்றில் இருந்தேன், அடுப்பில் சேம்பு வெந்துகொண்டிருந்தது. "என்னக்கா, இன்னும் போன வருஷத்துலயே இருக்கியா? நாங்கல்லாம் வந்து சேர்ந்துட்டோம், நீ மெதுவா வா" என்றாய். பின்னால் உன் பாட்டுக் குழு முழுக்கச் சிரித்தது. "நேத்து ஊர்க்காரங்க" என்று ஒரு பெண் சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து உன்னிடம் பேசும்போதெல்லாம் என் நாளை விழுங்கிவிட்டு உன் நாளைத்தான் சொல்கிறேன். பிந்திப் போனவள் என்று நீ இன்னொரு தடவை சொல்லக் கூடாது என்று.

இப்போது உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வேறொன்றும் எழுத இல்லை.

தாலிதா

•

ஆபியா
திங்கட்கிழமை, 2 ஜூலை 2012

அக்கா,

அந்தச் சிரிப்பைத் தொடங்கி வைத்தவன் நான்தான். சொன்னவனுக்கு ஒரு நிமிட வேடிக்கை, கேட்டவளுக்கு ஆறு மாதம். வேறு விதமாகச் சொல்லத் தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு செய்தி. பிறர் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். பெரியப்பா இறந்ததிலிருந்து அவர் வகித்த மத்தாய் பட்டம், குடும்பத் தலைவர் இடம், காலியாக இருக்கிறது அல்லவா? வியாழக்கிழமை குடும்பம் கூடியது. மூன்று மணி நேரம் பேசினார்கள். நம் குடும்பத்தில் எதையும் மூன்று மணி நேரத்துக்குள் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. கடைசியில் மூத்த பேச்சாளர் பௌலி என் பக்கம் கையை நீட்டினார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

சடங்கு ஜூலை 21, எங்கள் சனிக்கிழமை. விடிந்ததும் கிண்ணத்தில் காவா வேரைக் கரைத்துக் குடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நான் எழுந்து நின்று, "என் அக்கா வந்து வாக்குச் சொல்லாம நான் அந்தப் பட்டக்காரர் தூண்ல சாய்ஞ்சு உட்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பௌலி கோபப்படவில்லை. "சரிதான். அக்கா வாக்கு இல்லாம உட்கார்ந்தவன் பட்டம் நிலைச்சதில்ல. போய்க் கூட்டிட்டு வா" என்றார். வராவிட்டால் பட்டம் இரண்டாம் சித்தப்பா வீட்டுக்குப் போகும். போகட்டும். அவர் மகன் நல்லவன்தான், அவன் பேசினால்தான் கேட்பவருக்குத் தூக்கம் வரும்.

பட்டத்துக்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. நினைப்பாய், எனக்குத் தெரியும். அதனால் ஒன்று செய்யப் போகிறேன். பழைய முறைப்படி மன்னிப்புக் கேட்டுத் தலையில் பாயைப் போர்த்திக்கொண்டு உன் வீட்டு வாசலில் வந்து உட்காரப் போகிறேன். நீ வெளியே வந்து பாயை எடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். வெயிலோ மழையோ பரவாயில்லை.

ஃபெரெதி

•

பாங்கோ பாங்கோ
செவ்வாய்க்கிழமை, 3 ஜூலை 2012

டேய்,

என் வாசலில் வந்து உட்கார்ந்தால் வெந்நீரை எடுத்து ஊற்றுவேன்.

அந்த முறை கொலை செய்தவனுக்கு. ஆளை அடித்துக் கொன்றுவிட்டுப் பாயைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். நீ கிழமையைத்தானே கொன்றாய்? அக்கம்பக்கம் முழுக்கக் கூடி நின்று படம் எடுத்து அனுப்பும். நான் தொழிற்சாலையில் தலைகாட்ட வேண்டாமா?

அதோடு, என்னை மிரட்டாதே. "நீ வராவிட்டால் பட்டம் போகும்" என்பது மிரட்டல். தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடந்தது. அக்கா இல்லாமல் பட்டமும் நடக்கும்.

ஒன்று சொல்கிறேன், இதை யாரிடமும் சொல்லாதே. அன்று நான்கு மணிக்குத் தீரேசாவை யார் உள்ளே கூட்டிப் போனது என்று நீ கேட்கவே இல்லை. நான்தான். போதகர் தன் தம்பியை அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே அவள் கையைப் பிடித்தேன். காலில் சமையலறைச் செருப்பு, புதுச் செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கோயில் வாசலிலிருந்து பலிபீடம் வரை முப்பது தப்படி இருக்கும். இவள் அப்பா போனபிறகு இவளை நான் ஒருத்தியாக வளர்த்தேன் என்பது அந்த முப்பது தப்படியில்தான் எனக்கே தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது, ஃபெரெதி. ரொம்பப் பிடித்திருந்தது. மறுநாள் நீ பூமாலையோடு வந்து நின்றபோது, கோபம் பாதிதான். மீதிப் பாதி, இவன் வந்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காதே என்ற குற்ற உணர்ச்சி. அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

இதனால் நீ செய்தது சரியாகிவிடாது. தீரேசாவுக்கு நீ பட்ட கடன் அப்படியே இருக்கிறது. அவளும் மாப்பிள்ளையும் இந்த வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள். என் வெள்ளி, உனக்குச் சனி. ஆபியாவில் இறங்கி மூன்று மணி நேரம் காத்திருந்து ஆக்லாந்து விமானம் பிடிக்கிறார்கள். போய்ப் பார்ப்பதும் பார்க்காததும் உன் விருப்பம். நான் சொல்லமாட்டேன்.

அக்கா

•

ஆபியா
சனிக்கிழமை, 7 ஜூலை 2012

அக்கா,

போனேன். பார்த்தேன். விமானம் ஏற்றிவிட்டு நேராக வந்து எழுதுகிறேன்.

அவள் இளைத்திருக்கிறாள். மாப்பிள்ளை நல்ல பையன், பேச்சுக் குறைவு. அவன் சாப்பிட்டதைப் பார்த்து லோசாவுக்குப் பரம திருப்தி. சீமைப்பலா சுட்டது, சேம்பிலையில் தேங்காய்ப்பால் கட்டிச் சுட்டது, இரண்டு டின் மாட்டிறைச்சி. பாதியை வழிக்குக் கட்டிக்கொண்டார்கள்.

பட்டத்தைப் பற்றி இனி உன்னிடம் பேசமாட்டேன். நீ சொன்னது சரி, அது மிரட்டல்தான். பௌலியிடம் போய் வேறு ஆளைப் பாருங்கள் என்று திங்கட்கிழமை சொல்லிவிடுகிறேன். அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டால் எனக்குப் போதும்.

முப்பது தப்படி விஷயத்தை லோசாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ நடந்ததைத்தான் நான் பார்க்கவில்லை.

ஃபெரெதி

•

பாங்கோ பாங்கோ
சனிக்கிழமை, 7 ஜூலை 2012

தம்பி,

நாம் இருவரும் ஒரே தேதி போட்டிருக்கிறோம், ஆனால் உன்னுடையது நேற்றையது. ஆபேலு உன் கடிதத்தை நேற்றே கொடுத்துவிட்டான். "போனேன், பார்த்தேன், சாப்பிட்டார்கள்." அவ்வளவுதானா? திருடன்! ஆக்லாந்து போய் இறங்கியதும் தீரேசா போன் செய்தாள். ஒரு மணி நேரம் அழுதுகொண்டே சிரித்தாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மா, நாங்க இறங்கி வேலி ஓரமா வரோம். அந்தப் பக்கம் மாமாவோட பஸ் நிக்குது. இருபத்தி நாலு பேர், எல்லாரும் வெள்ளை உடுப்பு. என்னமோ சாவுன்னு நினைச்சுட்டேன். மாமா கையைத் தூக்கினார், அவ்வளவுதான், கல்யாணப் பாட்டை ஆரம்பிச்சுட்டாங்க! சுங்கத்துல இருந்தவங்கல்லாம் வேலையை விட்டுட்டு வெளிய வந்துட்டாங்க. ஒரு பாட்டு இல்லம்மா, கல்யாணத்துக்குன்னு பழகி வெச்சிருந்த ஏழு பாட்டும். மாமா அழுதுகிட்டே கையை ஆட்டறார். பாட்டு ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது. அவங்க அவரைப் பார்க்காமலே பாடி முடிச்சாங்க."

அதன்பிறகு நீ அவள் கையைப் பிடித்து வேலியிலிருந்து பேருந்துவரை நடத்திக் கூட்டிப் போனாயாம். "எத்தனை தப்படி?" என்று கேட்டேன். அவள், "இது என்ன கேள்வி?" என்கிறாள்.

ஏழு பாட்டுப் பழகியவன் வேண்டுமென்றே ஒரு நாள் பிந்தி வரமாட்டான். நான் எட்டாம் வகுப்பு, எனக்கு இது புரிய இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

பௌலியிடம் போகாதே. நான் வருகிறேன்.

வருகிறேன் என்று எழுதிவிட்டுத்தான் விமான நேரத்தைப் பார்த்தேன். இப்போது எனக்குப் பயம் வந்துவிட்டது. கவனமாகப் படி. இந்தத் தடவை எல்லாம் என் நாள். மாற்றுவது உன் வேலை.

எனக்கு விடுப்பு வெள்ளிக்கிழமை, ஜூலை 20 ஒரு நாள்தான். கப்பல் ஒன்று வந்து மீன் இறக்குகிறது, வியாழக்கிழமை மாலை ஐந்து மணிவரை கத்தியைக் கீழே வைக்க முடியாது. கேட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். மாலை விமானம் கிடையாது. அந்த வாரம் கப்பலும் இல்லை. வெள்ளிக்கிழமை பத்து மணி விமானம்தான் முதல் விமானம். பத்து முப்பத்தைந்துக்கு உன் மண்ணில் இறங்குவேன். அப்போது உனக்குச் சனிக்கிழமை, ஜூலை 21. வீட்டுக்கு வர அரை மணி, நம் ரோட்டுக்கு முக்கால் மணி. சடங்கு விடியலில் தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். நான் வரும்போது காவாக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

எத்தனை விதமாகக் கூட்டிக் கழித்தாலும் நான்கு மணி நேரம் பிந்துகிறேன். நீ பிந்தி வந்தபோது நான் கதவைச் சாத்தினேன். இப்போது நான் பிந்துகிறேன். என்ன செய்யட்டும், சொல்.

அக்கா

•

ஆபியா
வியாழக்கிழமை, 12 ஜூலை 2012

அக்கா,

உன் வெள்ளிக்கிழமையை என் சனிக்கிழமையாக ஒரே ஒரு தடவை மாற்றினேன். லோசா தனியாக ஒரு தடவை மாற்றிப் பார்த்தாள். ஆபேலுவைக் கூப்பிட்டு விமானப் பட்டியலைக் கொண்டு வரச் சொல்லி அதையும் பார்த்தோம். மூன்றும் ஒத்துப்போகிறது. 21-ஆம் தேதி பத்து முப்பத்தைந்து.

நேற்றுக் குடும்பம் கூடியது. சடங்கைப் பிற்பகலுக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். கேட்ட வாய் மூடுவதற்குள் வெடித்துவிட்டது. மூத்த அத்தை, "விடியக் காவா குடிக்காம மதியத்துல பட்டம் கட்டினதா எவனாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றாள். இரண்டாம் சித்தப்பா மகன் எழுந்து, "அக்காவுக்காகச் சூரியனை நிறுத்தி வைக்கச் சொல்றான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் உட்காரவில்லை. "அவங்க அமெரிக்காப் பக்கம். நேத்து ஊர்க்காரங்க. எப்பவும் பிந்தித்தான் வருவாங்க" என்று சேர்த்தான்.

அக்கா, என் கேலியை அவன் எனக்கே திருப்பித் தந்தான். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. எழுந்தேன். பேச்சாளர்கள் பேசும் இடத்தில் நான் பேசக் கூடாது, தெரியும். "அந்தக் கேலியை முதல்ல ஆரம்பிச்சவன் நான். அதுக்காக வெட்கப்படறேன். பதினெட்டு வருஷமா இந்தக் கோயில் கூரைக்கும் நம்ம பிள்ளைங்க படிப்புக்கும் அங்கிருந்து வந்தது எதுவும் பிந்தி வரல" என்று சொன்னேன். தொடங்கிய சுருதி ஒன்று, முடித்த சுருதி வேறு. பாட்டுக் குழுக்காரன் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே வெட்கம்.

பௌலி தன் கோலைத் தரையில் ஊன்றினார். பிறகு சொன்னார்:

"போன டிசம்பர்ல அரசாங்கம் ஒரு வெள்ளிக்கிழமையையே முழுசா எடுத்துக்கிச்சு. அன்னைக்குப் பிறந்தநாள் வெச்சிருந்தவன்கூட வாயைத் திறக்கல. வியாபாரத்துக்கு நல்லதுன்னு சொன்னாங்க, சரின்னு தலையாட்டிட்டு வந்தோம். வியாபாரத்துக்கு ஒரு நாள் குடுத்தோம். கூடப் பிறந்தவளுக்கு ஒரு காலைப் பொழுது குடுக்க வலிக்குதா?"

மூத்த அத்தைதான் முதலில் இருமினாள். "பசியோட உட்கார முடியாது. காலைல கஞ்சி குடுக்கணும்" என்றாள். அது சம்மதம் என்று அர்த்தம்.

நண்பகல் பன்னிரண்டு மணி. என் சனிக்கிழமை, உன் வெள்ளிக்கிழமை. இரண்டையும் எழுதிவிட்டேன், எதையும் மாற்றாதே.

ஃபெரெதி

•

பாங்கோ பாங்கோ
புதன்கிழமை, 18 ஜூலை 2012

தம்பி,

சீட்டு எடுத்தாகிவிட்டது. அதில் புறப்படும் நாள் வெள்ளி, சேரும் நாள் சனி என்று அச்சடித்திருக்கிறது. தொழிற்சாலையில் எல்லோரிடமும் காட்டினேன். போகும்போது ஒரு நாள் போகிறது, திரும்பி வரும்போது அதே நாளைத் திருப்பித் தருகிறார்கள். நான் சனி மாலை உன் வீட்டில் விருந்து சாப்பிட்டு, ஞாயிறு உன் கோயிலில் உன் பாட்டுக் கேட்டு, திங்கள் காலை கிளம்பி, ஞாயிறு காலை இங்கே வந்து இறங்கி மறுபடியும் கோயிலுக்குப் போவேன். ஒரே வாரத்தில் இரண்டு ஞாயிறு. ஓய்வுநாளை விட்டுவிட்டவள் என்று இனி எவளாவது சொல்லட்டும்.

விமானத்தில் ஏறுமுன் ஆளையும் எடை போடுவார்கள் என்பதால்தான் இத்தனை வருடம் கப்பலில் வந்தேன் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். எண்ணைக் கத்திச் சொல்லக் கூடாது என்று ஆபேலுவிடம் சொல்லி வை.

லோசாவிடம் சொல், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அமெரிக்காக்காரி வருகிறாள், கஞ்சியில் உப்புச் சரியாகப் போடட்டும்.

உன்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பெரியவர்கள் நல்லவர்கள், ஆனால் பசித்தவர்கள். பதினொன்றரைக்கே, "வந்துடுவா, வந்துடுவா, நீ உட்காரு" என்று உன் தோளை அழுத்துவார்கள். விமானம் பிந்தலாம். மழை வரலாம். உன் பேருந்தை ஓட்டி வரும் புண்ணியவான் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கதை பேசலாம். தீரேசா அன்று காரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நீ நிற்பாயா?

நின்றுகொண்டே இரு. நான் வந்துகொண்டிருக்கிறேன்.

அக்கா